பாட்டு ஓடும்போது நீர்நாய் பேசியது

வாயில்லாத ஜீவன்களைப் பேச வைப்பதுதான் தமிழ்ச்செல்வியின் வேலை. யாராவது விசாரித்தால் "கம்ப்யூட்டர்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் விளக்க வேண்டி வந்தால் அவளுக்குக் கழுத்தெல்லாம் சூடாகிவிடும்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் ரமேஷ்குமார் நடத்தும் சின்ன ஸ்டுடியோ அது. இரண்டு வருடமாக அங்கே ஒரே படத்தின் வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஜேடர்பாளையம் அணைக்குக் கீழே பாறைச் சந்தில் குடியிருக்கும் ஒரு நீர்நாய்க் குடும்பத்தின் கதை. வெள்ளத்தில் காணாமல் போன அப்பனைத் தேடி அம்மாவும் குட்டியும் ஆற்றோடு போகிறார்கள். வழியில் ஒரு முதலை துரத்துகிறது. குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கிற மாதிரியான படம். முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்தது. நீர்நாய்களை ஒருவர் நடக்க வைப்பார். ரோமம் வளர்ப்பது கௌசியா. தண்ணீர் இன்னொருவர் பொறுப்பு. நீர்நாய்கள் வாயைத் திறந்து பேச வேண்டிய இடம் வந்தால் அது செல்வியின் மேஜைக்கு வரும்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவளுக்கு இந்த வேலை கைக்கு வந்தது படிப்பினால் அல்ல, பிறந்த ஊரினால். குமாரபாளையத்தில் அவள் மாமா சுப்பையனின் விசைத்தறிப் பட்டறையில்தான் அவள் வளர்ந்தாள். அம்மா உஷாராணி அங்கே தறி ஓட்டினாள், இப்போதும் ஓட்டுகிறாள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் யாரும் கத்துவதில்லை. வாயை நன்றாகத் திறந்து, குரலே இல்லாமல் பேசுவார்கள். டீ வந்துவிட்டதா, இழை அறுந்துவிட்டதா, நேற்று பெண் பார்க்க வந்தவன் எப்படி, எல்லாம் உதட்டிலேயே போய் உதட்டிலேயே வரும். அம்மாவுக்கு வயது ஏற ஏறக் காது மந்தமாகிவிட்டது. ஆனால் எதிரில் உதடு தெரிந்தால் போதும், ஒரு வார்த்தை தவறாது. வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. அம்மாவிடம் பேசும்போது செல்வி குரலைச் செலவு செய்வதே இல்லை.

எந்த எழுத்துக்கு உதடு எப்படிப் போகும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதனால் அவள் செய்த நீர்நாய்கள் கொஞ்சம் அதிகமாகவே வாயைத் திறந்தன. "உன் நீர்நாய் எல்லாம் தறிக்குப் பக்கத்துல நின்னு பேசற மாதிரியே பேசுதும்மா" என்று ரமேஷ்குமார் சொல்வார். குறையாகச் சொன்னாரா, பாராட்டாகவா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

வாய் வராததுதான் அவளுடைய எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

பங்குனியில் ஒரு நாள் மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. மாமாவின் மகன் மதனுக்கு இருபத்தெட்டு ஆகிறது, செல்விக்கு முறை, வெளியில் எதற்குத் தேட வேண்டும் என்றார்கள். அப்பா இறந்த பிறகு அவளையும் அம்மாவையும் தாங்கியது மாமாதான். அம்மா இலையிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் செல்வி தலையை ஆட்டிவிட்டாள். அவ்வளவுதான். பாயசம் வந்தது.

மதன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன், மூக்கு ஒழுகினால் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டவன். காரணம் கேட்டால் அவளிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. அவனைக் கணவன் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

அதே வாரம்தான் அந்தக் காட்சி அவள் மேஜைக்கு வந்தது. இடைவேளைக்குப் பிறகு மழையில் நனைந்த அம்மா நீர்நாயும் குட்டியும் ஆற்றோரம் ஒரு பழைய மோட்டார் ரூமில் ஒதுங்குகிறார்கள். வெளியிலிருந்து ஜன்னல் கண்ணாடி வழியாக நாம் பார்க்கிறோம். உள்ளே இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மேலே பாட்டு ஓடுவதால் பேச்சு கேட்காது. வசனமும் எழுதித் தரவில்லை.

"என்ன பேசறதுன்னு வைக்கிறது?" என்று கௌசியாவைக் கேட்டாள்.

"சத்தமே வராத சீனு. யாரு கேக்கப்போறா? உனக்குத் தோணுனதப் பேச வை" என்றாள் கௌசியா, ரோமத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கேமரா வேற தூரத்துல இருக்குது. ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும்."

வாயசைவு செய்கிறவர்கள் மேஜையில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். தாங்களே பேசிப் பார்த்து அதன்படி செய்வார்கள். செல்வி கண்ணாடியைப் பார்த்தாள். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் உதடு தானாகப் பேசியது.

"அம்மா, மதன் மாமாவ எனக்குச் சின்ன வயசுலருந்து புடிக்கும். கட்டிக்கத்தான் முடியாது. கேட்டப்ப தலையாட்டிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அதைக் குட்டியின் வாயில் வைத்தாள். அம்மா நீர்நாய் குட்டியின் தலையைத் தடவிப் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் கண்ணாடியைப் பார்த்தாள்.

"சரி சாமி, பாத்துக்கலாம்."

அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். யாரிடமோ சொல்லிவிட்டது போல இருந்தது. பிறகு வேறு காட்சிகள் வந்தன, கெடு நெருங்கியது, அந்தக் காட்சியை மறந்தே போனாள்.

ஆனி மாதம் படம் ஒரு வழியாக முடிந்தது. வெளியிடுவதற்கு முன்னால் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க ரமேஷ்குமார் ஆசைப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் ஒரு தியேட்டரைப் பிடித்து, வீட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார். அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டாள். மதன் துணி மூட்டை ஏற்றும் வேனைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். வரும் வெள்ளிக்கிழமை மாமா வீட்டிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். அம்மா வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் கடைசி வரிசையில் உட்கார வேண்டும், ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள் எங்கே நெளிகிறார்கள் என்று கவனிக்க வேண்டும் என்பது ரமேஷ்குமாரின் ஏற்பாடு. செல்விக்குப் பின்மண்டைகள்தான் தெரிந்தன. நாலாவது வரிசையில் அம்மாவின் கொண்டை, பக்கத்தில் மதனின் சுருட்டை முடி.

முதல் பாதி நன்றாகவே போனது. குட்டி பாறையில் வழுக்கி விழுந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா நீர்நாய் மீன்கடை ஓரமாகப் பதுங்கிப் போய் வறுத்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பெரியவர்களும் சிரித்தார்கள். அம்மாவின் கொண்டை ஆடியது. அம்மா தியேட்டருக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

இடைவேளை முடிந்தது. மழை பெய்தது. மோட்டார் ரூம் வந்தது. பாட்டு தொடங்கியது.

கேமரா தூரத்தில் நிற்கவில்லை. மெல்ல ஜன்னலை நெருங்கி, கண்ணாடிக்கு அருகில் போய், குட்டியின் முகத்தைத் திரை நிறையக் காட்டியது. கௌசியா அவள் காதருகில் சொன்னாள். "சார் கடைசியில மாத்திட்டார்டி. உன் வாயசைவு ரொம்ப நல்லா வந்திருக்குதாம், தூரத்துல வெச்சா வீணாப் போயிரும்னார்."

அப்போதுதான் செல்விக்கு உறைத்தது. அஸ்தம்பட்டியில் உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. குமாரபாளையத்தில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. இரண்டு ஊரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்காரும் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

திரையில் ஆள் உயர உதடுகள் நிதானமாக, தெளிவாக, தறிக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போலப் பேசின. மதன் மாமாவ. சின்ன வயசுலருந்து. கட்டிக்கத்தான் முடியாது.

உதட்டில் மவும் பவும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தறிப் பட்டறையில் வளர்ந்தவளுக்கு அந்த ஆறுதல் வெகு நேரம் நிற்கவில்லை. நாலாவது வரிசையில் கொண்டை அசையவில்லை. சுருட்டை முடியும் அசையவில்லை. பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகு முதலை வந்து துரத்தியதா, அப்பன் கிடைத்தானா, எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

வெளியே வந்ததும் ரமேஷ்குமார் ஒவ்வொருவரிடமும் போய்ப் படம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடமும் கேட்டார். அம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க தம்பி கேட்டீங்க? மீசை மறைக்குது."

காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில்தான் அம்மா பேசுவாள். சமோசா வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி கேள்வியை உதட்டில் சொன்னாள்.

"நல்லாருக்குதுங்க. பெரிய நீர்நாய் பேசுனது அத்தனையும் புரிஞ்சுது எனக்கு. குட்டி பேசுனதும் புரிஞ்சுது. முதலை பேசுனதுதான் ஒண்ணும் வெளங்கல. வாயத் தொறந்தாப் பல்லுதான் தெரியுது."

"முதலை வேற ஒருத்தர் செஞ்சதுங்கம்மா" என்றார் ரமேஷ்குமார்.

"அப்ப அவருக்குச் சொல்லிப்போடுங்க."

குட்டி பேசியதும் புரிந்தது. செல்வியின் காதில் அது மட்டும்தான் நின்றது.

வேனில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். ஓட்டுகிறவன் உதடு தெரிய வேண்டும் என்பதற்காக மதன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். செல்வி பின்னால் இருந்தாள். கொண்டலாம்பட்டி தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"அந்தப் பெரிய நீர்நாய் கரையேறி வந்து அப்பாடான்னு ஒரு கல்லு மேல உக்காருது பாரு. நாள் பூராத் தறியில நின்னவ உக்கார்ற மாதிரியே இருந்துது. யாரு செஞ்சாங்க அத?"

செல்வி முன்னால் குனிந்து, அம்மா பார்க்கும்படி, "பிரபா அண்ணன்" என்றாள்.

"அவங்க அம்மா என்ன வேலை செய்யறாங்க? பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காரு. ரோமமும் நல்லாருக்குது. நனைஞ்சா ஒட்டிக்குது, காஞ்சா புசுபுசுன்னு நிக்குது. தண்ணிதான் சரியில்ல. காவேரித் தண்ணியா அது? தேங்காய் எண்ணெய் மாதிரி போவுது."

மதன் கியரை மாற்றினான்.

"அப்புறம் இன்னொண்ணு. அந்த அப்பன்காரன் கடைசியில கிடைச்சிட்டான். எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுவறாங்க. இத்தனை நாள் எங்க போனே, ஊட்டுக்கு ஏன் வர்லன்னு ஒருத்தராச்சும் கேக்கோணுமா வேண்டாமா? கேட்டாத்தானே நமக்கும் ஆறும். என்ன மதன்?"

"ஆமாங்கத்தை" என்றான் மதன்.

"என்னடா, இன்னைக்கு வாயே தொறக்க மாட்டீங்கறே. வர்றப்ப அத்தனை பேச்சுப் பேசுனே."

"பசிங்கத்தை." பிறகு, கேட்டதற்காகச் சொல்வது போல, "இடைவேளைக்கு அப்புறம் இழுக்குது. முதலை துரத்தறதே மூணு தடவை வருது. ஒரு தடவை துரத்துனாப் பயம், ரெண்டாந்தடவை சரி போகட்டும், மூணாந்தடவை முதலைக்கே சலிப்பா இருக்குது" என்றான்.

அம்மா சிரித்தாள். செல்வியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கத்தி கழுத்துக்கு மேல் தொங்குவதைவிட விழுந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அந்தப் பாட்டு எப்படிம்மா? மோட்டார் ரூம்ல?"

"பாட்டா?" என்றாள் அம்மா. "பாட்டு வந்தா நான் கண்ணை மூடிக்குவேன்னு உனக்குத் தெரியாதா. எனக்கென்ன கேக்கவா போவுது? ஏசி வேற ஜில்லுன்னு இருந்துது. நாலு பாட்டுக்கும் நாலு தூக்கம் போட்டுட்டேன்."

செல்வி பின்னால் சாய்ந்துகொண்டாள். அத்தனை நேரம் சுமந்த பாரம் சட்டென்று இறங்கியது. அம்மா பார்க்கவில்லை. முதலையைப் பற்றியே பேசிய மதனும் பார்த்திருக்க மாட்டான். எல்லாம் பழையபடியே இருக்கிறது. பழையபடியே இருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. பாரம் இறங்கிய இடத்தில் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காடு ஓடியது. இனி வாயால்தான் சொல்ல வேண்டும், அல்லது பூவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மகுடஞ்சாவடி தாண்டி ஒரு டீக்கடை எதிரில் மதன் வண்டியை நிறுத்தினான். அம்மா பஜ்ஜி பார்க்கக் கடைப்பக்கம் போனாள். செல்வி இறங்கவில்லை. சாலையில் வரிசையாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. புழுதிக்காக ஏற்றிவிட்ட ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு லாரிக்கும் அதிர்ந்தது.

கடையோரம் அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து நின்றிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். மதன் அவளுக்குப் பின்னால் வேனைப் பார்த்து நின்றான். கண்ணாடி வழியாக நேராகச் செல்வியைப் பார்த்தான். உதடு அசைந்தது. குரல் இல்லை. ஒரு லாரி குறுக்கே போனது. போனதும், அவன் பட்டறையில் பேசுவது போலவே நிதானமாக, வாயை நன்றாகத் திறந்து, மறுபடியும் சொன்னான்.

"சரி சாமி, பாத்துக்கலாம்."

செல்விக்கு ஒரு கணம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அது அவள் எழுதிய வசனம். அம்மா நீர்நாயின் வாயில் அவள் வைத்த வார்த்தை. அதை இந்தப் பூமியில் அவளைத் தவிர ஒரே ஒருவர்தான் படித்திருக்கிறார். அவள் வாய் பாதி திறந்து நின்றது.

"வாய மூடு. ஈ பூந்துரும்" என்றன மதனின் உதடுகள். பிறகு, "வாழைக்காயா, மிளகாயா?"

"மிளகா" என்றாள் அவள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சத்தமில்லாமல். கண்ணில் நீர் முட்டியது. அவன் திரும்பிக் கடைக்காரரிடம் கையைக் காட்டினான்.

குமாரபாளையம் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. அம்மா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மதன் வேனை விட்டு இறங்காமல், கதவில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தான்.

"எத்தனை நாளா?"

"கேட்ட அன்னைக்கிருந்தேங்க மாமா."

"அன்னைக்கே என்ற கிட்டச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. அதுக்கு ஒரு நீர்நாயக் கூட்டிட்டு வரோணுமா, அம்மிணி?"

செல்வி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்க மேல ஒண்ணும் இல்லீங்க மாமா."

"அதான் அதுலயே போட்டிருந்தியே. சின்ன வயசுலருந்து புடிக்கும்னு. முழுசாத்தான் படிச்சேன், பாதியில விடல."

"கஷ்டமா இருக்குதுங்களா?"

"இருக்காதா பின்னே? கையில பாப்கார்ன வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கறேன். இம்மாம்பெரிய நீர்நாய் ஒண்ணு என்ற பேரச் சொல்லி எனக்கு வேண்டாங்குது. எவனுக்காச்சும் இந்த நெலமை வந்திருக்குமா?" அவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டது. "ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் சரியாப் போயிரும். எங்கப்பன் கிட்ட எனக்கு இஷ்டமில்லைன்னு நானே சொல்லிப்போடறேன். நீ கம்முனு இரு."

"அம்மா உங்களத் திட்டுமே."

"திட்டட்டும். உங்கம்மா பாட்டுக்குக் கண்ணை மூடற மாதிரி நானும் மூடிக்கறேன். பாக்கலைன்னா எனக்கென்ன கேக்குமா, தறி ஓடறப்ப." வண்டியைக் கிளப்பியவன் மறுபடியும் தலையை நீட்டினான். "ஒண்ணு மட்டும். இந்தப் படம் நம்மூர் தியேட்டருக்கு வருமில்ல? வந்தா பவானி, பள்ளிபாளையம்னு தறிக்காரன் ஒருத்தன் பாக்கியில்லாமப் படிச்சிப்போடுவான். அத மாத்திப்போடு, கண்ணு. என்ற பேரு வேற வருது."

"மாத்திடறேங்க மாமா."

வேன் தெருமுனை திரும்பும் வரை நின்றாள். கால் லேசாகிவிட்டது போல இருந்தது. வாசல்படியில் ஒரு காலை வைத்தவளுக்கு ஒன்று உறுத்தியது. வேண்டாம் என்றது அவள். திட்டு வாங்கப் போவது அவன். சைக்கிளிலிருந்து அவள் விழுந்த நாட்களிலும் அவன்தான் வீட்டில் அடி வாங்கினான்.

அம்மா சேலையை மாற்றிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். செல்வி எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அம்மா நிமிர்ந்தாள். எதிரில் கண்ணாடி இருப்பதாக நினைத்துக்கொண்டு செல்வி உதட்டைத் திறந்தாள். அதே வார்த்தைகள்தான் வந்தன, அதே வரிசையில். ஒருமுறை செய்த வேலை கைகொடுத்தது.

அம்மாவின் கை களைந்த அரிசியிலேயே இருந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது.

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நெசமா."

"அப்ப அன்னைக்கு எதுக்கு அப்படி மண்டைய ஆட்டுனே?"

"உன்ற மொகத்தப் பாத்துட்டு."

அம்மா கையை உதறினாள். "நான் உன்ற மண்டையப் பாத்துட்டுச் சந்தோசப்பட்டேன். நீ என்ற மொகத்தப் பாத்துட்டு மண்டைய ஆட்டியிருக்கறே. நல்லாருக்குது போ, ரெண்டு பேரு பொழப்பும்." அரிசியை உலையில் போட்டாள். "மதனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவரே வேண்டாம்னதாச் சொல்லிக்கறேன்னார்."

"அவன் எதுக்குச் சொல்றான்? அவன் மேல பழி போட்டுட்டு நாம என்ன வேடிக்கை பாக்கறதா. அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு. தறியில பாவு நூல் தீந்தாப் புதுசு பிணைக்க என்னத்தான் கூப்பிடோணும், வேற யாரு இருக்கா." தட்டை மூடிவிட்டுத் திரும்பினாள். "கல்யாணம் நின்ன கோபத்துல சொல்றேன், கேட்டுக்க. உங்க படத்துல அந்தத் தண்ணி சுத்தமா நல்லால்ல."

செல்வி சிரித்துவிட்டாள். குரலோடு சிரித்தாள்.

திங்கட்கிழமை ரமேஷ்குமார் எல்லோரையும் கூட்டி, ஜனங்கள் சொன்ன குறைகளைச் சொன்னார். தண்ணீர், பின்பாதி, முதலையின் வாய். ஒருவர்கூடக் குறை சொல்லாத ஒரே இடம் மோட்டார் ரூம்தான் என்றார். "என்ன பேசறாங்கன்னே தெரியல, ஆனா அந்தக் குட்டி ஏதோ நெசமாப் பேசுதுன்னு மூணு பேர் சொன்னாங்க. அதை யாரும் தொடாதீங்க."

கூட்டம் கலைந்த பிறகு செல்வி அவர் அறை வாசலில் போய் நின்றாள். "சார், மோட்டார் ரூம்ல ஒரு தப்பு இருக்குதுங்க. குட்டியோட வாயை மாத்தணும்."

இரண்டு வருடத்தில் அவளாக வந்து கேட்டது இதுதான் முதல் முறை. அவர் ஏன் என்று கேட்க வாயெடுத்து, அவள் நின்ற விதத்தைப் பார்த்து விட்டுவிட்டார். "கெடுத்துடாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடி முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பொய்யாக எதையாவது வைத்தால் குட்டியின் கண்ணுக்கும் வாய்க்கும் ஒட்டவில்லை. கடைசியில், இந்தக் காட்சியைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் தனக்கு நிஜமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அதைச் சொன்னாள். கண்ணும் வாயும் ஒட்டிக்கொண்டன.

அம்மா நீர்நாயின் வாயை அவள் தொடவே இல்லை.

ஐப்பசியில் படம் குமாரபாளையத்துக்கு வந்தது. மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த நாட்கள் முடிந்து, அவரே பட்டறைக்கு ஒரு நாள் லீவு விட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு வரிசை முழுக்கத் தறிக்காரர்கள். மதன் பாப்கார்ன் வாங்கவில்லை. இந்தத் தடவை எச்சரிக்கையாக இருப்பதாகச் சொன்னான்.

மழை பெய்தது. மோட்டார் ரூம் வந்தது. பாட்டு தொடங்கியதும் அம்மா கண்ணை மூடினாள். செல்வி முழங்கையால் இடித்தாள். அம்மா கண்ணைத் திறந்தாள்.

திரை நிறைய இருந்த குட்டி, குரலில்லாமல், உருக்கமாகச் சொன்னது.

"தண்ணி சரியில்லதானுங்க. முதலை மூணு தடவை வருது. பொறுத்துக்குங்க. ராத்திரி பகலாச் செஞ்சது. நல்லாருக்குன்னு நாலு பேருகிட்டச் சொல்லுங்க."

அம்மா நீர்நாய் அதன் தலையைத் தடவியது. "சரி சாமி, பாத்துக்கலாம்."

இரண்டு வரிசை மட்டும் வெடித்துச் சிரித்தது. சோகப் பாட்டில் என்ன சிரிப்பு என்று தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை; அதற்கப்புறம் முதலை துரத்தும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினாள். படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னாள்.

"மூணு எங்க? இப்ப ரெண்டு தடவைதானே வருது. ஒண்ண வெட்டிப்போட்டாங்களே."